சுவாமி சிரித்தார், தீர்மானம் நிறைவேறியது

தி. நகரில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்து, குடத்தைத் தட்டிப் பார்த்து, வாய் நிறையச் சிரிக்கிறவர் வாங்கமாட்டார். "இதுக்கா இவ்வளவு? அநியாயமா இருக்கே!" என்று சண்டைக்கு வருகிறவர்தான் கடைசியில் பில் போடச் சொல்வார். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. சிரிப்பை நம்பிச் சரக்கைக் கட்டாதே.

இந்தப் பாடம் மயிலாப்பூரில் பொறுமை சுவாமிகளின் அறக்கட்டளைக்குப் போய்ச் சேரவில்லை. சுவாமிக்கு வியாழக்கிழமை மௌன விரதம். அறங்காவலர் கூட்டமும் வியாழக்கிழமைதான். விஷயத்தைப் படித்துவிட்டு எல்லாரும் சுவாமியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் சிரிப்பார். உடனே மினிட்ஸ் புத்தகத்தில், 'சுவாமி சிரித்தார், தீர்மானம் நிறைவேறியது' என்று ஏறிவிடும். சுவாமி சிரிக்காமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். தென்னை மரத்தில் அணில் ஏறினாலும் அவருக்குச் சிரிப்பு வரும்.

நான் அவருக்குச் சீடனுமில்லை, உறவுமில்லை. அதனால்தான் என்னைப் பிடித்தார்கள். அறக்கட்டளை சைதாப்பேட்டையில் இலவசப் பிரசவ க்ளினிக் நடத்துகிறது. அதற்கு ஸ்கேன் மெஷின் தர முன்வந்த கம்பெனி, அறங்காவலரில் ஒருவராவது வெளி ஆளாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. பாத்திரக் கடை ஜவஹர் என்றால் காபி குடித்துவிட்டுத் தலையாட்டிப் போவான் என்று கணக்குப் போட்டார்கள். காபி விஷயத்தில் கணக்கு சரி.

முதல் கூட்டத்துக்கு ஆசிரமத்துக்குப் போனபோது மாடிப்படியிலேயே டாக்டர் ஐரின் என்னை நிறுத்தினார். க்ளினிக்கை நடத்துகிறவர், சாந்தோம்காரர்.

"சார், இன்னிக்கு நிலம் வாங்கற தீர்மானம் வருது. தியான மண்டபத்துக்காம். இருக்கிற பணம் முழுக்க அதுக்குப் போயிடும். அடுத்த மாசம் நான் க்ளினிக்கை மூடணும். ஏழாம் மாசம், எட்டாம் மாசம்னு நிக்கறவங்களை எங்கே போகச் சொல்றது?"

"சுவாமிகிட்டே சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சார்."

உள்ளே சுவாமி பிரம்பு நாற்காலியில் இருந்தார். எதிரே ரிட்டயர்டு ஆடிட்டர் சங்கரன், பாட்டு டீச்சர் ஸ்ரீரஞ்சனி, சுவாமியின் தம்பி மகன் ஸ்ரீகிருஷ்ணா. இவர்களோடு நானும் சுவாமியும் சேர்ந்தால் அறங்காவலர் கூட்டம் முழுசு. க்ளினிக் ஆயா தங்கம் காபி கொண்டுவந்தாள்.

ஸ்ரீகிருஷ்ணா பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். "திருவான்மியூர்ல ஒரு இடம் அமைஞ்சிருக்கு. பெரியப்பாவோட தியான மண்டபத்துக்குன்னே பகவான் விட்டு வெச்சிருக்கார்."

"இடம் யாரோடது?" என்றேன்.

"என் மச்சினனோடது. நம்மாத்து மனுஷா, வெளியில போகவேண்டாமேன்னு பார்த்தேன்."

விலையைச் சொன்னார். எனக்குக் காபி புரையேறியது. அதே மச்சினர், அதே இடத்தை, போன தையில் எனக்குப் பாதி விலைக்குக் காட்டினார். மழைக்காலத்தில் பரிசலில்தான் போய்ப் பார்க்கவேண்டும். அந்தப் பாதியிலும் பாதி கேட்டுவிட்டு வந்தவன் நான்.

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் சுவாமியைப் பார்த்தார்கள். சுவாமி சிரித்தார். சங்கரன் பேனாவைத் திறந்தார். வாசலருகே ஐரின் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்," என்றேன். "என்கிட்டேயும் ஒரு தீர்மானம் இருக்கு."

"பேஷா சொல்லுங்கோ," என்றார் ஸ்ரீகிருஷ்ணா.

பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, சுவாமிக்கு முன்னால் இருந்த பூத்தட்டில் வைத்தேன். "சுவாமி, இந்த ஆசிரமம், க்ளினிக், பேங்கில் இருக்கிற பணம் எல்லாத்தையும் இந்த ஜவஹருக்கு ஒரு ரூபாய்க்குக் கொடுத்துடலாமா? இது அச்சாரம்."

சுவாமி சிரித்தார். இதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய சிரிப்பு. கடைவாய்ப் பல் தெரிந்தது.

"எழுதுங்க சார்," என்றேன் சங்கரனிடம். "சுவாமி சிரித்தார், தீர்மானம் நிறைவேறியது."

"ஓய், என்னய்யா இது அக்கிரமம்!" சங்கரன் எழுந்தேவிட்டார். "சிரிக்கறது அவர் சுபாவம். அதைப் போய்..."

"போன நிமிஷம் அது தீர்மானமா இருந்ததே?"

"பெரியப்பா, இல்லைன்னு தலையையாவது ஆட்டுங்கோ!" என்று ஸ்ரீகிருஷ்ணா பதறினார். சுவாமி அவரைப் பார்த்தும் சிரித்தார்.

தங்கம் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "இன்னா அண்ணாச்சி, ஆசிரமத்தையே வாங்கிக்கினீங்களா? எங்களுக்குச் சம்பளம் இனிமே உங்க கடையிலயா?"

"முதல்ல காபிக்குச் சர்க்கரையைக் குறைக்கப்போறேன்."

ஸ்ரீரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "சரி, திருப்பிக் கொடுக்க என்ன விலை?"

அவர் கொத்தவால் சாவடியில் காய் வாங்கிப் பழகியவர் என்று அப்போதே புரிந்தது.

"மூணு சங்கதி," என்றேன். "முடிவு கை தூக்கி எடுக்கணும். ஒருத்தர் வீட்டுக்கு லாபம் வர்ற பேச்சு வந்தா, அவர் வராந்தாவுக்குப் போகணும். வரவு செலவை மாசாமாசம் வாசல்ல ஒட்டணும், பூக்காரம்மா முதல் எல்லாரும் படிக்கட்டும்."

"வாசல்லயா? மூணு மாசத்துக்கு ஒருதரம் போரும்," என்றார் சங்கரன்.

"ரெண்டு மாசம்."

"சரி, ரெண்டு."

"அப்படியானா வெளி ஆள் இன்னும் ஒருத்தர் வேணும். நான் தனியா எத்தனை காபி குடிக்கிறது?"

படிந்தது. ஆசிரமத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ரூபாயை உண்டியலில் போட்டுக்கொண்டார்கள். வியாபாரத்தில் இவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

நில விஷயம் மறுபடி வந்தது. ஸ்ரீகிருஷ்ணா முணுமுணுத்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். மச்சினர் எனக்குச் சொன்ன விலையை நான் சொன்னேன். ஐரின் க்ளினிக் செலவைச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் எல்லாரும் சுவாமியின் பக்கம் திரும்பினார்கள்.

சுவாமி எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப நான் யாரைப் பார்த்துக் கை தூக்கறது?" என்றார் சங்கரன் பரிதாபமாக.

"டாக்டரைப் பாருங்க சார்."

பார்த்தார். "நிலம் வேண்டாம் என்கிறவர்கள்?" என்று கேட்டேன். ஸ்ரீரஞ்சனியின் கை முதலில் மேலே போனது. "எனக்கு அப்பவே வேண்டாம்னு தோணித்து. சுவாமி சிரிச்சுட்டாரே, நாம எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்." என் கை போனது. சங்கரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, பிறகு தூக்கினார். மூன்று என்று நான் சொல்லி முடித்த பிறகு, ஜன்னல் பக்கமிருந்து நாலாவதாக ஒரு மெலிந்த கை மெல்ல மேலே வந்தது.

ஐரின் தங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அப்போ மூடவேணாம்தானே டாக்டரம்மா?" என்று தங்கம் இரண்டு தடவை கேட்டாள்.

"அடுத்தது," என்று சங்கரன் புது உற்சாகத்தோடு படித்தார். "க்ளினிக்குக்கு எவர்சில்வர் வாளி, தட்டு, வென்னீர் அண்டா. ஜவஹர் கடையில் வாங்குவது பற்றி." பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"சார்," என்றார் ஐரின், "வராந்தா அந்தப் பக்கம்."

போனேன். பெஞ்சில் ஸ்ரீகிருஷ்ணா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கதவுக்குப் பின்னால் ஸ்ரீரஞ்சனியின் குரல் கணீரென்று கேட்டது. "ஒரு வாளிக்கா இவ்வளவு? அநியாயம்! பாண்டி பஜார்ல கேட்டுண்டு வந்திருக்கேன்." என் வாளியின் விலை படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து கதவைத் தட்டப் போன என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார் ஸ்ரீகிருஷ்ணா.

"உள்ளே போகப்படாது ஓய்," என்றார். "ரூல்."