முதலில் படகு, பிறகு தீவு

ஒரு தொலைக்காட்சித் தொடரை எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்காகக் குடும்ப ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தவர்கள் சுவீடனில் எங்கள் யேவ்லே நகரத்திலேயே நானும் என் முன்னாள் கணவன் ஹோக்கனும் மட்டும்தான் இருப்போம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், டூவா. பன்னிரண்டு வயது. ஒரு வாரம் என்னோடு, ஒரு வாரம் அவனோடு. திங்கட்கிழமை காலையில் என் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறவள், மாலையில் அவன் வீட்டில் போய்ச் செருப்பைக் கழற்றுவாள். இங்கே பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். ஆலோசகர் குன்னெல் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொடுத்தாள். பனிக்கால உடுப்பு யார் வாங்குவது, பல் மருத்துவரிடம் யார் கூட்டிப்போவது, டிசம்பரில் பள்ளியில் நடக்கும் லூசியா விழாவுக்கு வெள்ளை அங்கியை யார் துவைப்பது. எல்லாம் முடிந்த பிறகு, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். மரியாதைக்குக் கேட்டிருப்பாள். நான் இருக்கிறது என்றேன்.

'மீட்புப் படகு' என்று ஒரு தொடர். புயலில் மாட்டிக்கொண்டவர்களைக் கரைசேர்க்கும் ஒரு படகும் அதன் ஆட்களும். நான்கு சீசன். கிழட்டுக் கேப்டன் ரூரிக் மேல் டூவாவுக்கு ஒன்பது வயதிலிருந்தே உயிர். பிரிந்துவந்த முதல் குளிர்காலத்தில், பெட்டிகள்கூடப் பிரிக்காத வீட்டில், இந்த ஊர் வழக்கப்படி வெள்ளிக்கிழமை டாக்கோவை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அதைப் பார்க்க ஆரம்பித்தோம். என் வாரத்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும், ஒரு நாளைக்கு ஒரு பாகம், கூடினால் இரண்டு. கோடையில் பார்ப்பதில்லை. பாதியில் அவள் தலை என் தோளில் சாயும். அந்தத் தலைக்காகத்தான் நான் மீதி நாட்களை ஓட்டினேன். பெண் வளர்கிறாள், அந்தத் தலை ஒருநாள் சாயாமல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதுவரைக்கும் யாரும் அதில் கை வைக்கக்கூடாது.

அந்தத் தொடரிலிருந்து 'தீவு மருத்துவமனை' என்று இன்னொன்று கிளை விட்டது. படகில் இருந்த நர்ஸ் மைக்கென் ஒரு தீவுக்கு வேலைக்குப் போகிறாள். முதல் காட்சியிலேயே பையைத் திறந்து கேப்டனின் தொப்பியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அழுகிறாள். போதாதா? நான்காவது சீசனில் கேப்டன் சாகப்போவது பச்சைப்பிள்ளைக்கும் புரிந்துவிடும். அதனால் முதலில் படகு, நான்கு சீசனும் முழுசாக. பிறகுதான் தீவு. அதுவரை ஹோக்கன் வீட்டில் டூவாவுக்குத் தீவைக் காட்டக்கூடாது. இதைத்தான் ஆலோசகர் முன்னால் சொன்னேன். "கதைப்படி பாத்தா தீவு நாலாவது சீசன் நடுவுலதானே வருது?" என்று ஆரம்பித்தான் ஹோக்கன். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போட்டான். சுவீடனின் வடகோடி ஊர்க்காரன், அவனுக்குச் சம்மதம் என்றால் அந்த மூச்சுதான்.

போன வெள்ளிக்கிழமை நான்காவது சீசனில் அந்தப் பாகம் வந்தது.

டாக்கோ, வெள்ளரி, டில் கீரை போட்ட தயிர், உருளை வறுவல், எல்லாம் எடுத்துவைத்து விளக்கை அணைத்தேன். புயல் ஆரம்பித்தது. கேப்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் ஓரத்துக்குப் போகிறார். அலை இன்னும் வரவில்லை. இசைகூட மாறவில்லை. அப்போது டூவா மேசைக்கடியிலிருந்து காகிதக் கைக்குட்டைச் சுருளை எடுத்து மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

எனக்குள் சுருக்கென்றது.

"எதுக்கு இது?"

"சும்மா."

அலை வந்தது. கேப்டன் போனார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சும்மா தோணுச்சும்மா. கெழவருதானே."

"டூவா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவள் வறுவல் கிண்ணத்தில் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காக எங்கள் சதுக்கத்தில் செய்து நிறுத்தும் பெரிய வைக்கோல் ஆட்டுக்கு எவனாவது தீ வைத்தால் குப்பென்று போகுமே, அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவன் காட்டியிருக்கிறான். ஆலோசகர் முன்னால் மூச்சை இழுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் காட்டியிருக்கிறான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சங்கதி. அதையும் கெடுத்துவிட்டான்.

மறுநாள் டூவாவுக்குப் பந்துப் பயிற்சி. முடிந்ததும் ஏற்றிக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை.

"எங்க போறோம்?"

"உங்கப்பா வீட்டுக்கு."

"இது உன் வாரம்மா."

"தெரியும். வாய மூடிட்டு வா."

ஹோக்கன் வாசலில் குந்தி உட்கார்ந்து காருக்குப் பனிக்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தான். நவம்பர் பாதி போய்விட்டது, இப்போதுதான் மாட்டுகிறான். எதையுமே காலத்தில் செய்தவனில்லை. டூவாவைக் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன, மறுபடியும் டூவா ரப்பர் பூட்ஸ விட்டுட்டாளா? இங்கதான் இருக்கு, எடுத்துத் தரேன்."

"பூட்ஸும் வேணாம், புண்ணாக்கும் வேணாம். எந்திரி."

"டயர் பாதியில நிக்குது, யில்வா."

"நிக்கட்டும். நீ வாக்குக் குடுத்தியா இல்லியா? முதல்ல படகு, அப்புறம் தீவுன்னு?"

அவன் கையிலிருந்த நட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தொடரா? தொடருக்காகவா இந்தக் குதி குதிக்கற?"

"ஆமா, தொடருக்காகத்தான்! கேப்டன் சாகப்போறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. கனவுலயா வந்து சொன்னாரு?"

"நான் காட்டல."

"பொய்."

"சத்தியமா காட்டல. என்னைய என்னதான் நெனச்சிருக்க நீ?"

"நான் நெனச்சிருக்கறதச் சொன்னா உன் பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலச் சாத்திக்குவாங்க."

பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை ஏற்கெனவே அசைந்துகொண்டுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பெர்னிலா வந்தாள். ஹோக்கனுடைய புது ஆள். எப்போது பார்த்தாலும் இப்போதுதான் அடுப்பிலிருந்து பன்னை இறக்கின முகம்.

"உள்ள வாங்க யில்வா, குளுருது. காப்பி போட்டிருக்கேன்."

சண்டைக்கு வந்தவளுக்குக் காப்பி! அதைவிடக் கொடுமை, நான் உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் குனிந்து பூட்ஸைக் கழற்றியதுதான். எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த நாட்டில் செருப்போடு அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்க மனசு வரமாட்டேன் என்கிறது. இடது கால் உறையில் பெருவிரல் ஓட்டை. அந்த விரலை மடக்கிக்கொண்டு நின்று சண்டை போட்டேன்.

"உங்க பையன் பாக்கறான்ல, தீவு? அவன்கூட இவளையும் உக்காரவெச்சுக் காட்டியிருக்கீங்க."

பெர்னிலாவின் எட்டு வயது மகன் மெல்க்கருக்குத் தீவுத் தொடரில் வரும் சீல் என்னும் கடல்நாய்க் குட்டி என்றால் பைத்தியம். அது ஊருக்கே தெரியும்.

பெர்னிலாவின் முகத்திலிருந்து அந்தப் பன் காணாமல் போனது. "அவ எங்ககூடப் பாக்கறதே இல்ல, யில்வா."

"அப்படின்னா?"

"வெள்ளிக்கிழம நாங்க டிவியப் போட்டதுமே தட்ட எடுத்துட்டு மாடிக்குப் போயிருவா. காதுல ஹெட்போன் மாட்டிக்குவா. கூப்ட்டா, 'அம்மாவோட வரிச இன்னும் முடியல'ம்பா. பள்ளிக்கூடம் தொறந்ததுலேருந்து இப்படித்தான். தனியா உக்காந்து சாப்ட்டுட்டு, தட்டக் கொண்டாந்து கழுவி வெச்சிட்டுப் படுத்துருவா."

கோபம் முன்னைவிட மோசமாக வந்தது. ஹோக்கன் பக்கம் திரும்பினேன்.

"உனக்குத் தெரியுமா இது?"

மூச்சை உள்ளே இழுத்தான்.

"வாயத் தெறந்து சொல்லுடா!"

"தெரியும்."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா? குன்னெல்கிட்ட இன்னொரு கூட்டம் போடுவ. அதுக்கொரு விதி, அந்த விதிக்கொரு விதி. எனக்கு அலுத்துப்போச்சு, யில்வா."

"அலுத்துப்போச்சா? மாடியில ஒரு கொழந்த தனியா சோறு திங்குது, கீழ நீங்க மூணு பேரும் சீல் குட்டியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்களா? நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே அந்தக் கருமத்த?"

"நிறுத்தினா மெல்க்கர் அழுவான்."

"ஓ! அவன் அழக்கூடாது. இவ உக்காரலாம்."

"உக்காரச் சொன்னது யாரு?" என்றான் ஹோக்கன். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். "நானா சொன்னேன்? எங்க வீட்டு வெள்ளிக்கிழமைக்கும் சேத்து விதி போட்டது யாரு?"

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். வாசலில் ஏதோ சத்தம். டூவா நின்றிருந்தாள். தோளில் மட்டைப் பை. எங்களில் யாரும் செய்யாததை அவள் செய்திருந்தாள். நனைந்த காலணியோடு கூடத்தின் நடுவரைக்கும் வந்திருந்தாள்.

"சுவரு மெல்லிசு" என்றாள். "மெல்க்கர் கத்தினான். 'கேப்டனோட தொப்பி! கேப்டன் செத்துட்டாரு!'ன்னு. மொத வாரமே. காதுல மாட்டியிருந்தும் கேட்டுச்சு."

"அப்பவே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல கண்ணு?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? நீ அதுக்காகவே காத்துட்டிருந்த. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ டிவியவே பாக்கறதில்லம்மா. என்னையத்தான் பாக்கற. நான் சிரிக்கறனா, பயப்படறனா, எப்ப அழுவேன்னு. கேப்டன் சாகும்போது நான் அழணும். இல்லன்னா உன் வெள்ளிக்கிழம கெட்டுரும்." மட்டைப் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன், தெரியுமா? அழற மாதிரி. வரவே இல்ல. அதான் டிஷ்யூவ உன்கிட்டத் தள்ளினேன். நீயாவது அழுவேன்னு."

"டூவா..." என்று ஹோக்கன் ஓரடி வைத்தான்.

"நீ பேசாதப்பா. 'அம்மாகிட்டச் சொல்ல வேணாம், பிரச்சன ஆகும்'னு மாடிப்படியில நின்னு என்கிட்டச் சொன்னது நீதான்." பையை மறுதோளுக்கு மாற்றினாள். "எனக்கு அம்மா வரிசையும் வேணாம், உங்க வரிசையும் வேணாம். நான் ரெண்டையும் பாத்துட்டேன். கடைசி வரைக்கும். பஸ்ல, போன்ல."

அந்த இடத்தில் ஒரு தாய் என்ன கேட்க வேண்டும்? ஆயிரம் இருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"எந்த வரிசையில பாத்த?"

பெர்னிலா கண்ணை மூடிக்கொண்டாள். ஹோக்கன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். டூவா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அதையா கேக்கற?" என்றாள்.

திரும்பிப் போனாள். ஈரத்தடம் கூடத்திலிருந்து வாசல்வரை அப்படியே இருந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. நான் ஒரு பூட்ஸை மாட்டி, மற்றதைத் தேடி, ஒற்றைக்காலில் தடுமாறி வெளியே வருவதற்குள் அவள் தெருமுனையில் இருந்த நிறுத்தத்தில் பஸ் ஏறிவிட்டாள். ஹோக்கன் தன் காருக்கு ஓடினான். அது மூன்று சக்கரத்தில் நின்றது. ஜாக்கியை ஓங்கி உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை.

பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினேன். வழியெல்லாம் திட்டினேன். முதலில் ஹோக்கனை, பிறகு பெர்னிலாவை, அவள் பெற்ற அந்த வாயாடியை, குன்னெலை, தொடர் எடுத்தவர்களை. திட்ட ஆள் தீர்ந்துபோன பிறகு மிஞ்சியது நான்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இரண்டு பக்கமும் அடித்துவிட்டு, ஏன் சத்தம் சரியாக வரவில்லை என்று கேட்டவள் நான்.

பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் இந்தப் பக்க ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். கையில் போன், அதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலை பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

ஹாரனில் கை வைத்தேன். அடிக்கவில்லை.

திரையில் என்னவோ நடந்திருக்க வேண்டும். அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, தானாக வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வெள்ளிக்கிழமை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சிரிப்பை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விளக்கு பச்சையானது. பஸ்ஸை முன்னால் போகவிட்டேன்.