விரல் இல்லாத மனசா

பாக்பஜாரில் ஷீல் வீட்டுப் பூஜை அறையில் ஒரு சினிமா போஸ்டர் தெய்வமாக இருந்தது. போன துர்கா பூஜை விடுமுறையிலிருந்து நான் அலைந்தது அதற்காகத்தான்.

நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய வங்காளி போஸ்டர்கள் எல்லாமே அச்சடித்தவை. ஷீல் வீட்டில் இருந்ததோ அச்சுக்கு முந்தையது. ஓவியர் தன் கையால் வண்ணம் குழைத்து வரைந்த மூலம். பாம்புகளின் தாயான மனசா தேவியைப் பற்றிய பக்திப் படம் அது. படச்சுருள் எங்கும் மிஞ்சவில்லை. அதன் வேறு போஸ்டரையும் நான் கண்டதில்லை. தியேட்டர் மேனேஜராக இருந்த வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி, நான் சித்தி முறையில் காக்கிமா என்று கூப்பிடுபவர், நடிகையின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிடத் தொடங்கிவிட்டார்.

முதல் முறை கேட்டபோது, "பெத்த தாயை யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?" என்றார்.

"அது நடிகை, காக்கிமா."

"நடிகை உடம்புல அம்மா வரக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

அவர் மகன் கோக்கன்தா கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "விதான், பொண்ணு கேட்டு அலையுற வயசுப்பா உனக்கு. நீ போஸ்டர் கேட்டு அலையுறே."

நானும் விடவில்லை. குமார்ட்டுலியில் ஒரு குயவரிடம் களிமண்ணில் மனசா சிலை செய்யச் சொன்னேன். சிராவண மாதக் கடைசி நாள் மனசா பூஜை. "புது அம்மா வந்து உக்காந்துட்டா, பழைய அம்மா உன்கூட வரட்டும்" என்று காக்கிமா ஒருவழியாக இறங்கி வந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் சிலையைக் கொண்டுபோய் இறக்கினேன். அப்படியே திரும்பியிருக்கலாம். நான் மாலை வகுப்பில் பழைய காகிதங்களைச் சீர்செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அங்கே முதல் பாடம், ஒரு பொருளில் கை வைக்குமுன் அதன் சேதம் எல்லாவற்றையும் உடையவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது. இல்லாவிட்டால் நாளைக்கு நம்மைத்தான் குற்றம் சொல்வார்கள். நான் எதையும் பாடப்படி செய்கிறவன். தப்பு செய்துவிடுவேனோ என்ற பயம்தான் காரணம். சட்டத்தைக் கழற்றினேன். சேதங்களை ஒவ்வொன்றாக நெருக்கத்தில் படம் எடுத்தேன். சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டுச் சொன்னேன்.

"காக்கிமா, கீழ் ஓரத்தைக் கரையான் அரிச்சிருக்கு. வலது கையில ரெண்டு விரல் இல்ல. கழுத்துக்கிட்ட ஒரு கிழிசல்."

தேங்காய் உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "விரல் இல்லையா?"

"சட்டம் மறைச்சிருந்துச்சு, அதான் உங்களுக்குத் தெரியல. கவலைப்படாதீங்க, ஒட்டிச் சரிபண்ணிடுவேன்."

"அம்மாவுக்கு ஒட்டுப் போடுவியா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஊனமான தெய்வத்தை வீட்டில் வைத்துக் கும்பிடக் கூடாது, கங்கையில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் பேசியது போஸ்டரைப் பற்றி. அவர் காதில் விழுந்தது அம்மாவைப் பற்றி.

மறுநாள் காலை போஸ்டரைச் சுருட்டி எடுத்துப்போக அட்டைக் குழாயும் வெள்ளைத் துணியுமாகப் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அம்மா கங்கைக்குப் போயிருக்காங்க" என்றார் கோக்கன்தா. "கூட அந்த அம்மாவும் போயாச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணியிருந்தா விட்டிருப்பியா?"

ரயில் பாதையைத் தாண்டி ஓடினேன். படித்துறையில் காக்கிமா ஈரப் புடவையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் வெறும் சட்டம். "கண்ணாடி யார் கால்லயாவது குத்திடும்னு கழட்டிட்டேன். இந்தா, சட்டம் உனக்கு உதவும்."

முழங்கால் ஆழத்தில் இறங்கித் தேடினேன். சாமந்தி, வைக்கோல், பிளாஸ்டிக் பாட்டில்கள். கோந்தில் குழைத்த வண்ணம் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அது தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தேடியிருப்பேன்.

"வாக்குக் குடுத்தேனே, எனக்கும் வருத்தம்தான்" என்றார் காக்கிமா. "ஆனா ஊனமானதை இன்னொரு வீட்டுக்குத் தள்ளிவிட்டா பாவம் எனக்கு, நோவு உனக்கு. உன்னைப் பெத்த அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? நீ நல்ல புள்ள, உள்ளதைச் சொன்னே. வேற பையனா இருந்தா மறைச்சிருப்பான்."

அந்த வேறு பையன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டில் கோக்கன்தா ஆறுதல் சொன்னார். "போட்டோ எடுத்தியே, அது போதாதா?"

கைபேசியை நீட்டினேன். கரையான் ஓட்டை. கிழிசல். விரல் இருந்த இடம். குங்குமத்தைத் துடைத்த பிறகு முகத்தை எடுக்கலாம் என்று விட்டிருந்தேன்.

"இதென்ன, ஏதாவது நாட்டு மேப்பா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

புரோகிதர் வந்துவிட்டார். கிளம்பலாம் என்று செருப்பை மாட்டியபோது காக்கிமா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். புது மனசா பலகை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கூர்மையான கண்ணு உனக்கு. இவளை ஒரு தடவை நல்லா பார்த்துச் சொல்லு. அப்புறம்தான் பூஜைக்கு உக்காருவேன்."

பார்த்தேன். விரல்கள் எல்லாம் இருந்தன. இடது முழங்கைக்குப் பின்னால் முடி அளவு ஒரு விரிசல். மழைக்காலத்தில் சரியாகக் காயாத மண். மேலே அவசரமாக மஞ்சள் வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள்.

காக்கிமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு, காக்கிமா" என்றேன்.

அவர் பூஜைச் சங்கை எடுத்தார்.