கிரும் கட்டிய நடுநிலைப் பெட்டி

செப்டம்பர் வந்தால் எங்கள் குடியிருப்பில் சண்டைக்கு ஒரே காரணம்தான்: குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைக்கக் குடமிளகாய் சுடுவது. பால்கனியில் சுட்டால் புகை மேல்வீட்டுத் துணியில் ஏறுகிறது என்று கூட்டம் போட்டுப் பேசி, எல்லோரும் கீழே முற்றத்தில்தான் சுட வேண்டும் என்று போன வருடம் முடிவானது. எட்டு வீடு, எட்டு மின்சார அடுப்பு. ஒவ்வொன்றும் சின்னப் பீப்பாய் மாதிரி இருக்கும். நடுக்குழியில் மூன்று சிவப்புக் குடமிளகாயைச் செருகி மூடினால் மூன்று நிமிடத்தில் தோல் கருகிவிடும். முற்றத்துக்கு வரும் மின்கம்பியோ ஒன்றே ஒன்று. அதன் ஃப்யூஸ் இரண்டு அடுப்பைத் தாங்கும், அதற்கு மேல் போட்டால் போய்விடும்.

முறை வைத்துச் சுட்டால் என்ன என்பீர்கள். வைத்தோமே! சோன்காவின் முறையில் பென்கா பிளக்கைப் பிடுங்கினாள் என்பது சோன்கா கட்சி. அவள் முறை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது என்பது பென்கா கட்சி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது. இருப்பதோ எதிரெதிர் வீடு. ஒருத்தி படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை மற்றவள் கதவுக்குப் பின்னாலேயே நிற்பாள். மேல்படியிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று பார்க்கவில்லை, என் செருப்பு அலமாரி அங்கேதான் இருக்கிறது.

இந்த வருடம் டிராலி பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் குடியிருப்புக்காரர் கிரும் ஒரு பெட்டி கட்டினார். உள்ளே குட்டிக் கணினி மாதிரி ஒரு மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு, அதோடு அடுப்புக்கு ஒன்றாக எட்டு ரிலே சுவிட்ச். போர்டு கட்டளையிட, ரிலேக்கள் டக் டக்கென்று இரண்டிரண்டு அடுப்பாக மூன்று நிமிடம் எரியவிட்டு அடுத்த ஜோடிக்கு மாற்றும்.

"பெட்டிக்குச் சொந்தமும் கிடையாது, பகையும் கிடையாது" என்றார் கிரும்.

சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு எட்டு அடுப்பும் பெட்டியில் மாட்டப்பட்டன. சோன்காவுக்குத்தான் அவசரம். ஆறு மணிக்கு வியன்னா பஸ். இந்தப் பருவத்தில் பார்சல் ஏற்றும் கடைசி பஸ் அதுதான். அம்மா சுட்ட மிளகாய் வருகிறது என்று அங்கே இருக்கும் அவள் மகன் வருங்கால மாமியாரிடம் இரண்டு வாரமாகச் சொல்லிவைத்திருக்கிறான். (சோன்கா பால்கனியில் நின்று போன் பேசுபவள். நான் காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்?) பதினைந்து கிலோ மிளகாய், அதுவும் மூன்று நாள் பழசு.

கிரும் சுவிட்சைப் போட்டார். பெட்டி பாட ஆரம்பித்தது. அவரே இசையமைத்த வரவேற்புப் பாட்டாம், நாற்பது நொடி. எட்டு ரிலேயும் ஒரே நேரத்தில் டக்கென்றன. எட்டு அடுப்பும் சூடேறின. பாட்டு பல்லவியைத் தாண்டவில்லை, ஃப்யூஸ் போய்விட்டது.

"கம்பி சரியில்ல" என்றார் கிரும். புது ஃப்யூஸ், மறுபடி பாட்டு, மறுபடி ஃப்யூஸ் காலி.

"அடுப்புங்க சரியில்ல. யாரோ பழைய அடுப்பக் கொண்டாந்திருக்கீங்க" என்றார் இந்தத் தடவை.

மூன்றாவதும் போனது. கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃப்யூஸ். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எந்த மின்சாமான் கடைக்காரன் திறந்துவைத்திருப்பான்?

சோன்கா மிளகாய்க் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "கிரும் அண்ணே, உங்க கால்ல வேணா விழறேன். மணி ரெண்டாச்சு."

"பொறும்மா. வீட்ல எட்டு பல்பு மாட்டி சோதிச்சேன். பாட்டு பாடறப்ப எட்டும் சேர்ந்து எரிஞ்சுது, கல்யாண வீடு மாதிரி. அப்புறம் ரெண்டு ரெண்டா ஒழுங்கா மாறுச்சே!"

அதுவரை சுவரைப் பார்த்து நின்ற பென்கா திரும்பினாள். "எட்டும் சேர்ந்து எரிஞ்சுதா? அதப் பாத்துட்டுமா இங்க தூக்கிட்டு வந்தீங்க?"

கிரும் பெட்டியோடு மாட்டியிருந்த தன் லேப்டாப்பை முறைத்தார். மெல்ல அவர் காது சிவந்தது. "இந்த ரிலே கொஞ்சம் தலைகீழ். போர்டு வோல்ட் குடுத்தா அணையும், குடுக்கலைன்னா எரியும். நான் பாட்டு முடிஞ்சப்புறம்தான் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

"அணைன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் பாடித் தொலைக்க வேண்டியதுதானேய்யா!" என்றாள் பென்கா.

அணைக்கச் சொல்லும் எட்டு வரியை நிரலில் பாட்டுக்கு மேலே தூக்கிவைக்க கிரும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பாட்டை எடுத்துவிடுங்கள் என்று எல்லோரும் கத்தினோம், கேட்கவில்லை. கடைசி ஃப்யூஸ். நாற்பது நொடியும் எல்லோர் கண்ணும் ஃப்யூஸ் மேலேயே. பாட்டு முடிந்தது. இரண்டே இரண்டு ரிலே டக்கென்றன. இரண்டே அடுப்பு சூடானது.

கைதட்டல் அடங்கியதும் சோன்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் அடுப்புக்கு முறை வருவது பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒரு தடவைக்கு மூன்று மிளகாய். "நடுராத்திரி ஆயிடுமே" என்றாள்.

"பெட்டி யாருக்காகவும் மாறாது" என்றார் கிரும் பெருமையாக.

பென்கா விடுவிடுவென்று வந்தாள். சோன்காவை எழுப்பாமலே அவள் காலடியிலிருந்த இன்னொரு கூடையை இழுத்துக்கொண்டு போய், அதிலிருந்து மூன்று மிளகாயைத் தன் அடுப்பில் செருகினாள். "சில பேரு மிளகா இப்பவே நாறுது. முதல்ல அது ஒழியட்டும், அப்பதான் மத்தவங்க மூச்சு விடலாம்" என்றாள், வானத்தைப் பார்த்து. மற்றவர்களும் கூடைக்குள் கைவிட்டார்கள். நானும்தான். பெட்டி எட்டு வீட்டுக்கும் சமமாக முறை வைத்தது, எட்டு வீட்டு அடுப்பிலும் வெந்தது சோன்கா மிளகாய்.

உரித்து, ஜாடியில் அடைத்து, வேகவைத்து எடுக்கும்போது ஐந்தரை. சூடு தாங்காமல் துண்டில் சுற்றிய ஜாடிகளோடு பார்சல் பெட்டி கனமாக இருந்தது. ஒரு பக்கக் கைப்பிடியை சோன்காவும் மறுபக்கத்தைப் பென்காவும் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். எனக்கும் அந்தப் பக்கம் ரொட்டி வாங்க வேண்டியிருந்தது.

"யாரோட பார்சல்?" என்றான் டிரைவர்.

சோன்காவுக்கு மூச்சு வாங்கியது. "இவளோடது" என்றாள் பென்கா. "உடையாம கொண்டுபோ. பையனுக்குக் கல்யாணம் ஆகணும்."

அது டிரைவரிடம் பேசியது, சோன்காவிடம் பேசியதாகாது என்று பென்கா இன்றுவரை சாதிக்கிறாள்.