அளவெடுத்த வண்டி

மசபுகா பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் டிராக்டர்கள் பாரத்துக்காக வரிசையில் நின்றன. துவாம்போ இறங்கி நின்று இடுப்பை நீவிக்கொண்டிருந்தாள். அவள் ஓட்டும் வண்டியில் கேபினைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் எப்போதோ இறுகிப்போயின. சக்கரம் வரப்பேறி இறங்கும்போதெல்லாம் அடி நேராகத் தண்டுவடத்தில் விழும். அறுவடை தொடங்கியதிலிருந்து இடது கால் மரத்துப்போகிறது.

சூப்பர்வைசர் முன்சாகா வந்து புது டிராக்டரின் சாவியை நீட்டினார். வழக்கமாக "ஏய்" என்பவர், அன்று "சோல்வே அம்மா" என்று மகன் பெயரைச் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார். அப்போதே அவளுக்கு உறுத்தியது.

தலைநகர் லுசாகாவிலிருந்து ஒருவர் அளவுக் கருவியோடு வந்திருந்தார். அவர் புது வண்டியின் இருக்கையில் அதிர்வை அளக்கும் ரப்பர் தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். சர்க்கரை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வண்டிகளின் அதிர்வை அளக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

அதே பள்ளம், அதே வரப்பு. கேபின் மெல்ல எழும்பி மெல்ல அமர்ந்தது. வராத அடிக்காகப் பல்லைக் கடித்தபடியே அவள் ஓட்டினாள். இப்படியும் ஓட்டலாம் என்று தெரிந்தபோது நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது.

அளவு சரியாக இருப்பதாக லுசாகாக்காரர் சொன்னார்.

"சார், நான் தெனம் ஓட்டுறது இது இல்ல. அதுலயும் இந்தத் தட்ட வச்சுப் பாருங்க."

"அது ஒர்க்‌ஷாப்ல நிக்குது சார், ஸ்பிரிங் மாத்துறாங்க" என்றார் முன்சாகா. வந்தவர் தலையாட்டிவிட்டுக் கருவியைப் பெட்டியில் வைத்தார்.

துவாம்போ ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள். மெக்கானிக் லுயாண்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒங்க வண்டிய இங்க யாரும் கொண்டு வரலையே அக்கா. இப்பத்தான் சர்க்கரை ஆலைக்குப் பின்னால ஓட்டிட்டுப் போய் தார்ப்பாய் போட்டு மூடி வச்சாங்க."

மரத்த கால் இடம்கொடுத்த வேகத்தில் தோட்டத்து வாசலுக்கு ஓடினாள். லுசாகாக்காரரின் கார் போய்விட்டிருந்தது.

மறுவாரம் தோட்டத்துக் கிளினிக்கில் டாக்டர் அவள் இடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அளந்தாகிவிட்டது, வண்டியில் குறையில்லை என்றார்.

"தண்ணிக் கொடம் தூக்குறதக் கொறச்சுக்கம்மா."

"எங்க வீட்டு வாசல்லயே கொழாய் இருக்கு, டாக்டர்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது புது டிராக்டர் கொட்டகையில் பூட்டியிருந்தது. பழைய வண்டியில் பாரம் ஏற்றி முடித்திருந்தார்கள். "ஏய், ஏறு" என்றார் முன்சாகா. துவாம்போ ஏறி உட்கார்ந்தாள். இடது கால் அசையவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து அதைத் தூக்கி, கிளட்சின் மேல் வைத்தாள்.