கொளஞ்சியம்மாள் இன்னும் சாப்பிடவில்லை

1

இந்தக் கதை என் நாட்குறிப்பில் ஒரே வரியாகக் கிடந்தது: "புவனகிரி. விருந்து. மொழிபெயர்த்தேன். மணி மூன்றாகியும் முடியவில்லை." சிதம்பரத்தில் நான் படிக்கும் மாலை வகுப்பில் அதைக் கதையாக்கச் சொன்னார்கள். நடந்ததை வரிசையாக எழுதத் தெரியும். கதை வருமா என்பது சந்தேகம்.

முதல் தொடக்கம்: வெள்ளாற்றின் மேல் வெயில்— வேண்டாம். அன்று நான் ஆற்றைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது: டென்மார்க்கிலிருந்து திருச்சபைக் குழுவோடு ஊழியத்துக்கு வந்த எரிக், புவனகிரித் தொண்டு நிறுவனத்தில் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார். (குழுவில் மற்ற ஐவருக்கும் வயிறு சரியில்லை. கடலூர் விடுதியிலேயே தங்கிவிட்டார்கள். கதைக்கு இது வசதி. ஆனாலும் உண்மை.)

2

எரிக்குக்கு அவர் ஊரில் சொல்லி அனுப்பியது: இலையில் மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனம் நோகும். சமைத்த கொளஞ்சியம்மாளுக்குத் தெரிந்தது: விருந்தாளியின் இலை காலியாக இருக்கக் கூடாது. அவர் தீர்த்தார். இவர் நிரப்பினார். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்.

[இங்கே என்னை நல்லவளாகக் காட்டும் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜான்சி அக்கா காலையிலேயே சொல்லியிருந்தார். "அவரு சொல்றத மட்டும் சொல்லு கயலு. நீயா எதனா சேக்காத."

"என்னா சொல்றாரு?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"ரொம்ப நல்லா இருக்குன்றாரு."

"அப்ப வாங்கிக்கச் சொல்லு." இரண்டு கரண்டி சாம்பார்.

நான்காம் முறை சோறு விழுந்தபோது எரிக் என் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் கேட்டார்: இதற்கு முடிவு உண்டா?

"இப்ப என்னா கேக்குறாரு?"

"ரசம் இருக்கான்னு கேக்குறாரு."*

"பாத்தியா ஜான்சி, வெளிநாட்டுக்காரரு ரசம் கேட்டு வாங்கி சாப்புடுறாரு. ஒன் வூட்டுக்காரரு ஒரு நாளாச்சும் கேட்டிருக்காரா?"

"அவருக்கு நாக்கு செத்துப் பல வருசமாச்சிம்மா."

* ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். காரணம் கிடைக்கவில்லை.

3

இதுவரை சிரிப்புக் கதை. இனி எனக்கு எழுதப் பயம்.

விருந்தாளி எழுந்த பிறகுதான் பரிமாறுகிறவர்கள் உட்காருவார்கள். கொளஞ்சியம்மாளுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையைப் பன்னிரண்டரைக்கே போட்டுவிட்டார். மணி மூன்று. இன்னும் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கி நெற்றியெல்லாம் வியர்வை. கரண்டி நடுங்கி, எரிக்கின் வெள்ளைக் கால்சட்டையில் ரசம் தெறிக்கிறது.

"பாயசமாச்சும் ஒரு வாய் குடிங்கம்மா" என்கிறேன்.

"விருந்தாளி குந்தியிருக்கறப்பவா? போடி. அவர கவனி."

முடிவு அ: மழை வந்து எல்லோரும் எழுகிறார்கள். சோம்பேறித்தனம்.

முடிவு ஆ: எரிக் தானே இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கிறார். யார் கற்றுக்கொடுத்தது?

முடிவு இ: எரிக் பானையையே காலி செய்கிறார். கொளஞ்சியம்மாள் மறுபடி உலை வைக்கிறார்.

மிச்சம் ஒன்றுதான். நான் பேச வேண்டும், என் பொய்யையும் சேர்த்து. பதினொரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எரிக் நன்றி கெட்டவர் ஆகிறார். ஒன்றில் கொளஞ்சியம்மாள் கோமாளி ஆகிறார். மற்ற ஒன்பதிலும் நான் தப்பித்துவிடுகிறேன்.

பன்னிரண்டாவது: "அம்மா, அவரு கேட்டது ரசம் இல்ல, அவரு—"

நீங்களும் தமிழ் பேசுகிறவர்தானே. வாருங்கள், என் இடத்தில் உட்காருங்கள். வாக்கியத்தை முடியுங்கள். அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. கரண்டி மறுபடி இலைக்கு மேலே வந்துவிட்டது.