காற்றுப் பக்கம்

பழைய இரும்பு வாங்கும் இரும்பக்காவின் லாரி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஒரே டாக்ஸி கம்பெனியின் கார்களில் கழற்றிய இருபத்திரண்டு பழைய ஷாக் அப்சார்பர்களுக்கும் துளை போட்டு, எண்ணெயை வடித்து, சுவரோரம் அடுக்கிவிட்டு மச்சினன் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒர்க்‌ஷாப் அவன் அக்கா புருஷனான மாமாவுடையது. உழைப்பு மட்டும் தன்னுடையது என்பது இவன் நினைப்பு.

போன மாதம் இங்கிருந்து போன ஷாக் ஒன்றை இரும்பக்காவின் புருஷன் கேஸ் கட்டரால் அறுத்தபோது, உள்ளே இருந்த காற்று வெடித்தது. மூடி அவர் காதை உரசிப் போய்த் தகரச் சுவரைத் துளைத்தது. ஒரு வாரம் அவருக்குக் கூப்பிட்டால் கேட்கவில்லை. "இன்னொண்ணு காத்தோட வந்துச்சு, உங்க இரும்பை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டாள் அவள். வேறு எந்த இரும்புக் கடைக்காரரும் ஷாக்கைத் தொடுவதில்லை.

டீயை முடித்து எழுந்த மச்சினன் தடுமாறி ஒரு ஷாக்கின் கம்பி மேல் கையை ஊன்றினான். கம்பி உள்ளே போனது. கையை எடுத்ததும் சாவகாசமாக மேலே வந்தது.

இன்னொன்றை அழுத்தினான். அதுவும் வந்தது.

காற்று போயிருந்தால் கம்பி உள்ளேயே கிடக்க வேண்டும். காற்று அடைத்திருப்பது குழாயின் அடிப்பக்கம். இவன் துளை போட்டது எண்ணெய்ப் பக்கம். எண்ணெய் பீறிட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டான்.

இரும்பக்கா துளையைத்தான் பார்ப்பாள். வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் லாரி ஏறிவிடும். அப்புறம் அந்த மனுஷன் கட்டரோடு குனிவார்.

"மாமா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

காருக்கடியிலிருந்து தலை மட்டும் வந்தது. "ஒண்ணுதானா?"

"இருபத்திரண்டு."

கேட்டு முடித்த மாமா காருக்கடியிலிருந்து வெளியே வந்தார். அதற்குள் லாரி வந்துவிட்டது.

"என்னய்யா, ரெண்டு மூஞ்சியும் பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?" என்றபடி இறங்கினாள் இரும்பக்கா.

மச்சினனே சொன்னான். அவள் ஒரு ஷாக்கை அழுத்திப் பார்த்தாள். கம்பி எழுந்து வந்தது. ஒரு காலி கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரியான எடத்துல ஓட்டையைப் போடு, பாக்கறேன்."

கண்ணாடி மாட்டி, ஷாக்கை இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி, மேலே கந்தல் துணியைச் சுற்றி, ஒதுங்கி நின்று அடிப்பக்கத்தில் சின்ன டிரில்லை மெதுவாக ஓட்டினான். உஸ்ஸென்று துணி புடைத்து அடங்கியது. அவள் அழுத்தினாள். கம்பி உள்ளேயே கிடந்தது.

"இது செத்துது. அடுத்தது."

"எவ்வளவு நேரம்டி?" என்று லாரியிலிருந்து அவள் புருஷன் கத்தினார்.

"உன் மண்டை முழுசா இருக்கணும்ல? பேசாம இரு!"

இருபத்திரண்டும் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. மச்சினனின் முதுகு விண்விண் என்று தெறித்தது. சேர்ந்த எண்ணெயைக் கழிவு டிரம்மில் ஊற்றி மூடினான்.

"இனிமே துளையெல்லாம் பாக்க மாட்டேன், அமுக்கித்தான் பாப்பேன்" என்றாள் இரும்பக்கா, லாரியில் ஏறிக்கொண்டே. "அடுத்த லோடு எப்ப?"

மாமா மச்சினனைப் பார்த்தார். "அவனைக் கேளுங்க. அவன் டிபார்ட்மென்ட்டு."