பிள்ளையார் பென் டிரைவ்

கனகலட்சுமிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் பல்லி கத்தினால்கூட யார் கிளப்பிவிட்டது என்று கேட்பாள். இன்றைக்கு மாட்டியவன் விருமாண்டி. பழங்காநத்தத்தில் அவள் நடத்தும் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறவன். தனிக்கடை போடப்போவதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தான். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் வண்டியூர்க் கல்யாணத்தின் ஒரு போட்டோவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஓர் இங்கிலீஷ் சீட்டு: படம் வேண்டுமென்றால் பணம் அனுப்பு.

"நீ பாத்த வேலதானடா இது?" ஆல்பம் பார்க்க வந்திருந்த பொண்ணு வீட்டார் முன்னாலேயே கேட்டுவிட்டாள். அவன் வாயே திறக்கவில்லை. கடைச் சாவியையும் தன் பென் டிரைவையும் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். செய்யாதவன் இல்லையென்று சொல்லமாட்டானா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்!

சர்வீஸ்காரன் பாதுஷா வந்தான். "இது வைரஸ் வேல. மொதல்ல அதோட கொணத்தப் பாப்போம்க்கா." பாட்டுகளை அது தொடவில்லை, போட்டோவை மட்டும்தான் பூட்டியிருந்தது. பூட்டிய பிரதியைப் புதிதாக எழுதிவிட்டுப் பழையதை அழித்திருந்தது. "அழிச்சதத் தோண்டி எடுத்துறலாம்க்கா. இதுல வேற எதையும் ஏத்திராதீக." அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது. வந்தால் பென் டிரைவில்தான் வந்திருக்கவேண்டும். சோதனைக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மகள் காவ்யஸ்ரீயின் பிறந்தநாள் படங்களை ஏற்றி, பாதுஷா கடையிலிருந்த பென் டிரைவ்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தான். விருமாண்டியுடையதுதான் முதலில். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னொருக்க போட்டுப் பாரு."

போட்டான். படங்கள் அப்படியே இருந்தன. மற்றவற்றிலும் ஒன்றுமில்லை. குங்குமம் அப்பிய ஒன்று மட்டும் மேசையில் மிச்சம்.

"அதப் போடலயா?"

"அது சாமி விசயம்க்கா. நான் எப்படித் தொடுறது?"

எந்தக் கல்யாண வேலையானாலும் அதிலிருக்கும் பிள்ளையார் படத்தை முதலில் ஏற்றித்தான் தொடங்குவாள். வைரஸ் இருக்கா என்று பிள்ளையாரையே யாராவது சோதிப்பார்களா? முந்தாநாள் அவளேதான் அதை பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய், தங்கக் கிரீடம் வைத்த புதுப் பிள்ளையாரை வாங்கி வந்தாள். வண்டியூர் வேலையை நேற்று தொடங்கியதும் அவரை வைத்துத்தான்.

தானே குத்தினாள். பிள்ளையார் அழகாகத்தான் வந்தார். அவருக்குப் பின்னால் காவ்யஸ்ரீயின் படங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறின. அதே சீட்டு வந்து விழுந்தது.

"அந்தப் படத்தத் தோண்டி எடுத்துருவ. நான் கொட்டுன வார்த்தைய எப்படிடா அள்ளுவேன்?" என்றாள்.

விருமாண்டியின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். செல்போன் பொத்தானெல்லாம் குங்குமமாக இருந்தது.